வாரண்டி முடியும் முன் ஆயில் மாற்றுவது எங்கே? மலையேறும் கார்க்காரருக்கு ஒரு பதில்

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூரில் இருக்கிறேன். ஏலக்காய் வியாபாரம். வாரத்தில் நான்கைந்து நாள் வண்டன்மேட்டுக்கும் புற்றடிக்கும் மலையேறி இறங்க வேண்டியிருக்கிறது. உறவினர் ஒருவர் மூலம் கோட்டயத்தில் வாங்கிய டீசல் கார். ஒன்றரை வயது ஆகிறது, வாரண்டி மூன்று ஆண்டு. கம்பெனி சர்வீஸுக்குத் தேனி போனால் ஒரு நாள் வியாபாரம் போகிறது, பில்லும் கையைக் கடிக்கிறது. கம்பத்தில் பழகிய மெக்கானிக் பாதிச் செலவில் ஆயில் மாற்றித் தருகிறார். ஒரு முறை அவரிடம் மாற்றியும்விட்டேன். இப்போது வாரண்டி போய்விடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். சட்டப்படி எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். வாங்கிய ஊருக்கே கொண்டுபோக வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கடைசி ஆள் சொன்னதை முதலில் தள்ளிவிடலாம். காருக்கு வாரண்டி கொடுப்பது அதைத் தயாரித்த நிறுவனம், விற்ற டீலர் அல்ல. கோட்டயத்தில் வாங்கிய காரைத் தேனியிலும் காட்டலாம், கட்டப்பனையிலும் காட்டலாம், திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் மக்கர் செய்தால் அங்கேயும் காட்டலாம். அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டராக இருந்தால் போதும். பில்லில் ஜி.எஸ்.டி. எண் 32 என்று தொடங்கினால் கேரளம், 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு. வாரண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். காரின் நம்பர் எந்த மாநிலத்தது என்பதும் இதில் சேராது. ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள்: வாங்கும்போது கூடுதல் பணம் கட்டி வாரண்டியை நீட்டியிருந்தால், அது நிறுவனத்தின் திட்டமா, டீலர் தன் பங்குக்கு விற்ற திட்டமா என்று. டீலரின் சொந்தத் திட்டத்தில் வேறு நிபந்தனைகள் இருக்கலாம்.

யூடியூப்காரர் சொல்வது அநேகமாக அமெரிக்காவின் கதை. அங்கே 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, இலவசமாகத் தந்தால் ஒழிய, ‘எங்கள் ஆயில்தான், எங்கள் ஒர்க்‌ஷாப்தான்’ என்று நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதையே தமிழில் சொல்பவர்கள் அதிகம். நம்மிடம் அதற்குப் பக்கத்தில் வருவது, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்கள் மீது பிறப்பித்த உத்தரவு. 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த அந்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காகவே வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும், வெளியே நடந்த குறையான வேலையால் எவ்வளவு சேதமோ அவ்வளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. நியாயம் நம் பக்கம் இருக்கிறது, சரி. ஆனால் அந்த உத்தரவின் நகலை நீட்டினால் சர்வீஸ் அட்வைசர் எழுந்து நின்று கும்பிடப் போவதில்லை.

வாரண்டி ‘போய்விடும்’ என்பதும் மொட்டையான பேச்சு. ஏசி கம்ப்ரசருக்கும், கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டாருக்கும், நீங்கள் எங்கே ஆயில் மாற்றினீர்கள் என்பதற்கும் என்ன சம்பந்தம்? வில்லங்கம் வருவது எஞ்சினில், அதுவும் டீசல் காரில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போகும்போது. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக் கூடியது. சுழல்வது ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல். அது கெட்டால் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி: எப்போது ஆயில் மாற்றினீர்கள், என்ன ஆயில்? பதில் அவர்கள் கணினியிலேயே இருந்துவிட்டால் அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. இல்லையென்றால் பில்லும் சாட்சியுமாக நீங்கள் மல்லுக்கு நிற்க வேண்டும். நிற்கலாம், ஜெயிக்கவும் செய்யலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க வழி செய்திருக்கிறது. கோட்டயத்துக்கு அலைய வேண்டாம், தேனி ஆணையமே போதும். ஆனால் தீர்ப்பு வரும்வரை ஏலக்காய் மூட்டையை எதில் ஏற்றுவீர்கள்?

அதனால் என் யோசனை இது. கையேட்டில் போட்டிருக்கும் கட்டாய சர்வீஸ்களை மட்டும், வாரண்டி முடியும்வரை கம்பெனி சென்டரிலேயே செய்துவிடுங்கள். கிலோமீட்டர் அல்லது மாதம், எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. கிலோமீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்து மாதக் கணக்கைக் கோட்டைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கம்பம் மெக்கானிக்கின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் அவருடைய கடையில் இருக்கும் பேரலின் மேல். உங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்களின் பிழைப்பு தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளை நம்பியது. பழைய ஜீப்புக்கு 15டபிள்யூ-40 என்ற கெட்டி ரக ஆயில் தாராளமாகப் போதும், பேரலாக வாங்கினால் விலையும் கட்டுபடியாகும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் காருக்கு அது ஆகாது. உங்கள் காரின் புகைக்குழாய் வழியில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. எஞ்சின் கரியை அதில் பிடித்துவைத்து, அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. பழைய ரக ஆயிலில் கால்சியம், துத்தநாகம் போன்றவை கலந்த சேர்மானங்கள் அதிகம். எஞ்சினில் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் ஆயில் விட்டுச்செல்லும் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கி, நாளடைவில் அதை அடைத்துவிடும். இதற்காகவே சாம்பல் குறைந்த ஆயில் என்று தனி ரகம் உண்டு. டப்பாவில் சி2, சி3 என்ற குறி இருக்கும். உங்கள் காருக்கு எது என்பதைக் கையேட்டின் ஆயில் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், மெக்கானிக்கின் ஞாபகத்தை வைத்து அல்ல.

இன்னொன்று. ஆயில் குறைகிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். இந்தக் கார்களில் கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வடிகட்டியைச் சூடேற்ற எஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். மெதுவாக ஊர்ந்து, அடிக்கடி நிறுத்தி, அந்த வேலை பாதியில் நின்றுபோனால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிடும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் என்ற ஆயில் அளவுக் கம்பியைத் துடைத்துச் செருகி எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், மோந்து பார்த்தால் டீசல் வாடை அடித்தால், சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். தோட்டச் சாலைகளிலேயே ஓடும் காருக்கு இது எளிதில் வரும். அந்த வகையில் பார்த்தால், நீங்கள் சலித்துக்கொள்ளும் தேனிப் பயணம் வீண் அல்ல. உத்தமபாளையம், சின்னமனூர் என்று சீரான வேகத்தில் போகும் அந்த ஓட்டத்தில் வடிகட்டி தன்னைத்தானே நன்றாகச் சுத்தம் செய்துகொள்ளும்.

கம்பம் மெக்கானிக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. லோயர் கேம்ப்பிலிருந்து மேலே குறைந்த கியரில் உறுமிக்கொண்டு ஏறுவது, சுமையோடு ஓடுவது, இவற்றையெல்லாம் கடினமான பயன்பாடு என்று பல கையேடுகள் தனியே பட்டியலிட்டு, ஆயிலை இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்கின்றன. இரண்டு கம்பெனி சர்வீஸ்களுக்கு நடுவில் வரும் அந்தக் கூடுதல் மாற்றத்தை அவரிடம் செய்துகொள்ளுங்கள். ஆயிலையும் நிறுவனத்தின் ஃபில்டரையும் நீங்களே பில்லோடு வாங்கிப் போங்கள். டப்பாவின் சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். அதை விலைக்கு வாங்கிக் கழிவு ஆயிலை நிரப்பி விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வடிப்பு போல்ட்டுக்குப் புது வாஷர் போட வேண்டும். ஸ்பேனரில் பைப்பைச் செருகி முறுக்கினால் ஆயில் தேங்கும் அலுமினியச் சம்ப்பின் மரை போய்விடும், அதற்குப் பிறகு சொட்டு நிற்காது. கார் நம்பர், கிலோமீட்டர், ஆயிலின் ரகம், எத்தனை லிட்டர் என்று எழுதிய பில் வேண்டும். துண்டுச் சீட்டு எதற்கும் உதவாது.

கம்பெனி பில் கையைக் கடிப்பதற்குப் பெரும்பாலும் ஆயில் காரணமே இல்லை. எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், அடிப்பாகக் கோட்டிங் என்று அட்வைசர் அடுக்கிக்கொண்டே போவார். கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இல்லாததை வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது. செய்யப்போகும் வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் எஸ்டிமேட்டைக் கேட்டு, வேண்டாததை அங்கேயே அடிக்கச் சொல்லுங்கள். இலவச சர்வீஸ் என்றால் கூலிதான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. சில நிறுவனங்கள் நடமாடும் சர்வீஸ் வண்டியையும் அனுப்புகின்றன. உங்கள் பக்கம் வருகிறதா என்று தேனியில் விசாரியுங்கள், வந்தால் ஒரு நாள் வியாபாரம் மிச்சம்.

கட்டப்பனைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அன்று ஹர்த்தால் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் கெடு விழுந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வருமுன்பே முடித்துவிடுவது நல்லது. கம்பம்மெட்டுப் பாதையை ஒருவழியாக்கினால் எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது என்பதிலேயே பொழுது போய்விடும்.

ஏற்கெனவே வெளியே மாற்றிய அந்த ஒரு தடவை, கட்டாய சர்வீஸுக்குப் பதிலாகவா, அதற்கு மேல் கூடுதலாகவா என்று நீங்கள் எழுதவில்லை. கூடுதலாக என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, ஆயில் சரியான ரகமாக இருந்திருந்தால். பதிலாக என்றால், தேனிக்குப் போய் நடந்ததைச் சொல்லி, மெக்கானிக்கின் பில்லைக் காட்டி, ஜாப் கார்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய தேதி போட்டு ஒரு பில் எழுதி வாங்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். கிலோமீட்டர் கணக்கில் இடித்துவிட்டால் உண்மையான பில்களையும் நம்ப மாட்டார்கள். அன்று பேரலிலிருந்து ஊற்றியது என்ன ஆயில் என்று மெக்கானிக்கால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால், அடுத்த கெடுவரை ஓட்டாமல் இந்த வாரமே அதை வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன ஆயிலையும் புது ஃபில்டரையும் போட்டுவிடுங்கள்.