கொசுவலையும் தண்ணீர் ஜமீனும்

அன்புள்ள சார்,

வங்கி வேலையாக பீகாரில், பாகல்பூரில் இருக்கிறேன். கஹல்காவ் பக்கம் கங்கைக்கரை மீனவர் குடிசைகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஆனால் அவர்களே கொசுவலை போட்டு மீன்குஞ்சை வாருகிறார்கள். விழிப்புணர்வே இல்லை. கிடைப்பதையும் குடித்துத் தீர்க்கிறார்கள். இவர்களுக்குக் கடன் கொடுத்தால் பயன் உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விடுமுறையில் அறையில் படுத்துத் தூங்காமல் ஆற்றங்கரைக்குப் போகிறீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. ஆனால் குஞ்சை வாரினால் அடுத்த வருஷம் மீன் இருக்காது என்பதை ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு நீங்களும் நானுமா சொல்லித்தர வேண்டும்? குடி விஷயத்தை விடுங்கள். பீகாரில் 2016-லிருந்து மதுவிலக்கு, குடிக்கிறவன் வங்கியிலும் இருப்பான்.

எங்கள் ஊர்க் கண்மாயில் மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம், நடக்கும். எடுப்பவர் வலையைத் தொட்டே பார்க்காத ஆள், வீசத் தெரிந்தவர்கள் கூலிக்கு வருவார்கள். ஒரு விராலை மடியில் மறைத்ததற்காக அப்பாவின் கூட்டாளி ஒருவரைக் கரையில் வைத்து அடித்தார்கள். அடித்தது சரிதான் என்றுதான் எங்கள் வீட்டில்கூடப் பேசிக்கொண்டார்கள், ஏலம் எடுத்தவர் மீன் அல்லவா!

நீங்கள் நிற்கிற கரையில் இதுவே பெரிய அளவில் நடந்தது. சுல்தான்கஞ்சிலிருந்து பீர்பைந்தி வரை சுமார் 80 கிலோமீட்டர் கங்கை இரண்டு குடும்பங்களின் ஜமீனாக இருந்தது. ஆமாம், ஓடுகிற ஆற்றுக்கு ஜமீன்தார்! வலை போட வரி. சுதந்திரம் வந்து, நில ஜமீனைச் சட்டம் போட்டு ஒழித்த பிறகும் தண்ணீர் ஜமீன் கோர்ட்டு வாசலில் பிழைத்துக் கிடந்தது. 1982-ல் கஹல்காவ் மீனவர்கள் கங்கை விடுதலை இயக்கம் என்று கிளம்பினார்கள். மல்லாக்கள், அதாவது படகோட்டி, மீனவச் சாதியார், படிப்பில்லாதவர்கள், நீங்கள் விழிப்புணர்வு இல்லை என்கிறீர்களே, அவர்களின் அப்பா அம்மாக்கள். 1991-ல் அரசு அந்த வரியை ரத்து செய்தது.

அப்புறம் என்ன ஆனது என்கிறீர்களா? ஜமீன் போன இடத்தில் அடியாள் கும்பல்கள் வந்தன. மீன் கூடும் நல்ல இடங்களைத் துப்பாக்கியோடு பிடித்துக்கொண்டு மாமூல் வசூலித்தார்கள். இதற்கு முன்பே, 1975-ல் ஆற்றின் கீழே வங்காளத்தில் பராக்கா அணை வந்ததும், கடலிலிருந்து அலகாபாத் வரை ஏறிவந்த இல்லீசு மீன் வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. பெரிய மீன் அணைக்குக் கீழே, நல்ல இடம் அடியாள் கையில் என்றால் மிச்சம் இருப்பது கரையோரக் குஞ்சுகள்தான். அதற்குக் கொசுவலைதான் போட முடியும். அவன் அதைச் செய்வது தப்புதான், ஆனால் கணக்கைக் கடைசி வரியிலிருந்து படிக்காதீர்கள், வங்கிக்காரர் நீங்கள்.

கடன்தானே கேட்டீர்கள்? தாராளமாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் மீனை யாரிடம் விற்கிறார்கள், அந்த வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்களா, அதற்காக எவ்வளவு விலை குறைக்கிறார் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பணம் நேரே அவர் கல்லாவுக்குப் போய்விடும். இந்தி தடுமாறினால் கிளையில் வேலைபார்க்கும் உள்ளூர்ப் பையன் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

எஸ்.