உக்ரைனுக்குப் போகும் ஆயுதங்கள்: அறிவித்த நாளும் கைக்கு வந்த நாளும்

உக்ரைன் போரில் வெளிநாட்டு ஆயுத உதவி எதைச் சாதித்தது, எங்கே தவறியது என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். வெடிமருந்துத் தயாரிப்பில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் பகுதி மட்டும் நீளும்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): ஐயா, அமெரிக்கா மட்டும் 17,500 கோடி டாலர் கொடுத்ததாகப் படித்தேன். இவ்வளவு வாங்கியும் உக்ரைனால் ஏன் ஜெயிக்க முடியவில்லை?

பதில்: தம்பி, அந்தத் தொகை 2022 முதல் 2024 ஏப்ரல் வரை அமெரிக்க நாடாளுமன்றம் ஐந்து சட்டங்களில் ஒதுக்கியது. உக்ரைன் அரசு சம்பளமும் ஓய்வூதியமும் கொடுப்பதற்கான நிதி, அகதிகளுக்கான உதவி, ஐரோப்பாவில் கூடுதலாக நிறுத்திய அமெரிக்கப் படைகளின் செலவு, அமெரிக்கா தன் கிடங்குகளைத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் செலவு எல்லாம் அதற்குள் அடக்கம். 2022 பிப்ரவரி 24-இல் படையெடுப்பு தொடங்கியதிலிருந்து 2025 ஜனவரி வரை ராணுவ உதவியாகக் கொடுத்தது ஏறத்தாழ 6,600 கோடி டாலர்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய ஆயுதத்துக்கு, அதற்குப் பதிலாக வாங்கப்போகும் புதிய ஆயுதத்தின் விலையைப் போட்டுக் கணக்கு எழுதிவிட்டார்கள். 620 கோடி டாலர் அதிகமாக மதிப்பிட்டுவிட்டோம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் 2023 ஜூனில் அறிவித்தது. ஆகவே டாலர் எண்ணிக்கையை வைத்து இந்தப் போரைப் புரிந்துகொள்ள முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆயுதம் எந்த வழியில் போகிறது என்று பாருங்கள். ஜனாதிபதி உத்தரவிட்டு ராணுவக் கிடங்கிலிருந்து நேரடியாக எடுத்துக் கொடுத்தால் சில நாள்களில், சில வாரங்களில் போலந்தின் ஜெஷுவ் விமான நிலையத்தில் இறங்கி எல்லையைத் தாண்டிவிடும். தொழிற்சாலையில் ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்னால் பல மாதங்கள், சிலவற்றுக்கு ஆண்டுகள். செய்தியில் இரண்டும் ஒரே தலைப்பில்தான் வரும். பதுங்குகுழியில் இருப்பவனுக்கு அந்த வித்தியாசம் உயிர்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை): போரின் போக்கை மாற்றியது என்று ஒரே ஓர் ஆயுதத்தைச் சொல்ல முடியுமா?

பதில்: ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், 2022 கோடையில் வந்த ஹைமார்ஸ் ராக்கெட் ஏவிகளைச் சொல்வேன் அம்மா. ஜூனில் முதலில் வந்தவை நான்கே நான்கு.

தெற்கே கெர்சோன் நகரம் தினிப்ரோ ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. அந்தக் கரையில் இருந்த ரஷ்யப் படைக்கு உணவும் எரிபொருளும் குண்டும் ஆற்றைக் கடந்துதான் வரவேண்டும். அந்தோனிவ்கா பாலம்தான் அதற்கு முக்கிய வழி. ஜூலை முதல் அந்தப் பாலத்தின் தளத்தில் ராக்கெட்டுகள் வரிசையாக ஓட்டை போட்டன. பாலம் இடிந்து விழவில்லை. கனரக வாகனம் போக முடியாமல் ஆயிற்று, அவ்வளவுதான். ரஷ்யர்கள் மிதவைகளுக்கு மாறினார்கள். அவற்றின் மீதும் ராக்கெட் விழுந்தது. பின்னால் இருந்த வெடிமருந்துக் கிடங்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நவம்பர் 11-ஆம் தேதி உக்ரைன் படை கெர்சோனுக்குள் நுழைந்தபோது பெரிய நகரச் சண்டை எதுவும் நடக்கவில்லை. மேற்குக் கரையை இனிமேல் காப்பாற்ற முடியாது என்று ரஷ்யப் படை முன்னதாகவே ஆற்றைக் கடந்து போய்விட்டது.

ஆனால் அந்த வாய்ப்பு நெடுநாள் திறந்திருக்கவில்லை. கிடங்குகளை ரஷ்யா எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளி வைத்தது. செயற்கைக்கோள் வழிகாட்டலைக் குழப்பும் கருவிகளை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. அதே ராக்கெட், அதே ஏவி, அடுத்த ஆண்டு அதே பலனைத் தரவில்லை. எந்தப் புதிய ஆயுதத்துக்கும் எதிரி பழகிக்கொள்ளும் வரைதான் முழு வீரியம்.

கேள்வி (திருநெல்வேலி): 2023-இல் ஜெர்மன் டாங்கிகள் எல்லாம் போயும் உக்ரைனின் எதிர்த்தாக்குதல் ஏன் தோற்றது?

பதில்: தேதிகளைப் பாருங்கள். லெப்பர்ட் டாங்கி வேண்டும் என்று உக்ரைன் 2022 முழுவதும் கேட்டது. ஜெர்மனி சம்மதித்தது 2023 ஜனவரி 25. தாக்குதல் தொடங்கியது ஜூன். இடைப்பட்ட மாதங்களில் ரஷ்யா தெற்கே ஸபோரிஷியா வயல்வெளிகளில் கண்ணிவெடி வயல், டாங்கித் தடை, அகழி என்று அடுக்கடுக்காகத் தயாராகிவிட்டது. கருகிய பயிருக்குப் பாய்ச்சிய தண்ணீராகப் போயிற்று அந்த டாங்கிகளின் வரவு.

ஜூன் 8-ஆம் தேதி மாலா தொக்மாச்காவுக்குத் தெற்கே லெப்பர்ட் டாங்கிகளும் பிராட்லி கவச வாகனங்களும் கண்ணிவெடிப் பாதையில் நெருக்கியடித்து நின்றுபோன படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணிவெடி அகற்றும் வாகனங்கள் போதாது. மேலே பாதுகாப்புக்குப் போர் விமானம் கிடையாது. எஃப்-16 வந்ததே 2024 ஆகஸ்டில்தான். படையணிகள் புதிதாகத் திரட்டப்பட்டு அவசரப் பயிற்சியோடு வந்தவை. ஆகஸ்டில் ரொபோதினே என்ற சிற்றூர் வரை போய் அதற்கப்பால் நகர முடியவில்லை.

பழி முழுவதையும் தாமதத்தின் தலையில் போடவும் மாட்டேன். தெற்கே குவிக்க வேண்டிய படையில் அனுபவமுள்ள ஒரு பகுதியை கிழக்கே பாக்முத் நகரின் பக்கம் வைத்திருந்தது உக்ரைனின் சொந்த முடிவு.

கேள்வி (குன்னூர்): என் அப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒரு பீரங்கிக் குண்டு செய்வது இத்தனை பணக்கார நாடுகளுக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

பதில்: உங்கள் அப்பாவைக் கேட்டிருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார். 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று ஏறக்குறைய 45 கிலோ. உருக்குத் தண்டை வெட்டி, செக்கச் செவேலென்று காய்ச்சி, அச்சில் வைத்து அழுத்திக் குடைந்து, கடைந்து, மூக்கைக் குறுக்கி எடுக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த உறை பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டன் நகரில் உருவாகிறது. பிறகு அயோவா மாநிலத்துக்குப் போய் வெடிமருந்தை உருக்கி உள்ளே ஊற்றுகிறார்கள். அதை மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்றுக் குமிழி தங்கும். அப்படிப்பட்ட குண்டு பீரங்கிக் குழாய்க்குள்ளேயே வெடித்துத் தன் ஆட்களையே கொல்லும். அதனால் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்புவார்கள்.

இதோடு முடியவில்லை. குண்டைத் தள்ளும் உந்துமருந்து தனி. அதற்கு நைட்ரோசெல்லுலோஸ் வேண்டும். அதற்கு மூலப்பொருள், பருத்திக்கொட்டையில் பஞ்செடுத்த பிறகும் ஒட்டியிருக்கும் குறுநார். ஐரோப்பா அந்த நாரில் பெரும்பகுதியைச் சீனாவிடம் வாங்கிக்கொண்டிருந்தது. குண்டுக்குள் ஊற்றும் டி.என்.டி. வெடிமருந்தின் தயாரிப்பை அமெரிக்கா 1980-களிலேயே நிறுத்திவிட்டது. நேட்டோ நாடுகளில் பெரிய அளவில் அதைச் செய்துவந்தது போலந்தின் பிட்கோஷ் நகரில் உள்ள ஓர் ஆலை. கென்டக்கியில் புதிய டி.என்.டி. ஆலைக்கு அமெரிக்கா ஒப்பந்தம் போட்டதே 2024 நவம்பரில்.

போருக்கு முன்பு அமெரிக்கா மாதத்துக்குச் செய்த 155 மி.மீ. குண்டுகள் சுமார் 14,000. 2023 கோடையில் உக்ரைன் ஒரு நாளைக்குச் சுட்டது ஆறாயிரம், ஏழாயிரம். அதாவது ஒரு மாத உற்பத்தி ஏறக்குறைய இரண்டு நாள் சண்டைக்குத்தான் போதும். ஓராண்டில் பத்து லட்சம் குண்டு தருகிறோம் என்று 2023 மார்ச்சில் சொன்ன ஐரோப்பிய ஒன்றியம், 2024 மார்ச்சில் பாதியைத்தான் எட்டியது. பனிப்போர் முடிந்ததும் இந்தத் தொழிலை லாபமற்றது என்று சுருக்கிவிட்டார்கள். அமிலத்தோடும் வெடிமருந்தோடும் வேலை செய்யப் பழகிய கைகளை ஒரு பட்ஜெட் உரையில் உருவாக்கிவிட முடியாது. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. படையெடுப்பு நடந்த முதல் வாரத்திலேயே நீண்டகால ஆர்டர் கொடுத்திருந்தால் 2024-இல் நடந்தது நடந்திருக்காது.

கேள்வி (சென்னை): 2024-இல் நடந்தது என்று எதைச் சொல்கிறீர்கள்?

பதில்: கிழக்கு உக்ரைனின் அவ்தீவ்கா நகரம் ரஷ்யாவிடம் விழுந்ததை. 2023 அக்டோபரில் பைடன் கேட்ட நிதியை அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதித்தது 2024 ஏப்ரலில். ஆறு மாதம். உள்நாட்டு அரசியல், மெக்சிகோ எல்லைப் பிரச்சினை, கட்சிச் சண்டை எல்லாம் அதில் கலந்தது. அந்த இடைவெளியில்தான், பிப்ரவரி 17-இல், அவ்தீவ்கா விழுந்தது. ரஷ்யா ஐந்து குண்டு சுட்டால் உக்ரைன் ஒன்று சுடுகிறது, சில வாரங்களில் அது பத்துக்கு ஒன்று ஆகிவிடும் என்று ஐரோப்பாவிலுள்ள அமெரிக்கப் படைகளின் தளபதி கிறிஸ்டோபர் கவோலி அந்த ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் எச்சரித்தார்.

குண்டுப் பஞ்சம் என்றால் களத்தில் என்ன அர்த்தம் தெரியுமா? எதிரிக் காலாட்படை பத்துப் பேர் வயலைக் கடந்து வருவதை ட்ரோன் காட்டுகிறது. பீரங்கிக்காரர் பார்க்கிறார். கையில் இருக்கும் சில குண்டுகளை டாங்கி வந்தால் சுடுவதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். அந்தப் பத்துப் பேரை அகழியில் இருப்பவர்கள் துப்பாக்கியால் எதிர்கொள்ள வேண்டும். வாஷிங்டனில் ஓட்டெடுப்பு ஒத்திப்போன ஒவ்வொரு வாரத்துக்கும் இப்படி ஆட்கள் செத்தார்கள். உக்ரைன் சின்ன ட்ரோன்களை லட்சக்கணக்கில் செய்யத் தொடங்கியதற்கு இந்தப் பஞ்சமும் ஒரு காரணம்.

கேள்வி (கோவை): ஆயுதம் கொடுக்கக் கொடுக்கத்தானே போர் நீளுகிறது? கொடுக்காமல் இருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்களே?

பதில்: இந்தக் கேள்வியை நல்ல மனத்தோடு கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. உதவி இல்லாவிட்டால் போர் முன்பே முடிந்திருக்கலாம் என்பது உண்மைதான். எப்படி முடிந்திருக்கும் என்பதற்கு புச்சாவைப் பார்க்க வேண்டும். கீவ் அருகே ஒரு மாதம் மட்டும் ரஷ்யக் கட்டுப்பாட்டில் இருந்த ஊர் அது. 2022 மார்ச் இறுதியில் ரஷ்யப் படை வெளியேறியபோது தெருவிலும் குழியிலும் கிடந்தவர்கள் நூற்றுக்கணக்கான பொதுமக்கள். அந்த ஊரில் துப்பாக்கிச் சத்தம் நின்ற பிறகுதான் பல கொலைகள் நடந்தன.

இன்னொன்று. முதல் வாரங்களில் கீவைக் காத்தது பெரும்பாலும் உக்ரைனின் சொந்த, சோவியத் காலத்துப் பீரங்கிகள். பிரிட்டன் முன்கூட்டியே அனுப்பிய என்லா, அமெரிக்காவின் ஜாவ்லின் என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் துணை நின்றன. சண்டையிடும் முடிவை அவர்கள் எடுத்த பிறகுதான் பெரிய உதவி வந்தது. உதவியை நிறுத்தினால் அவர்கள் கையைத் தூக்கிவிடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இன்னும் மோசமான ஆயுதங்களோடு சண்டையிடுவார்கள்.

நான் குறை சொல்வது உதவி வந்த விதத்தை. நீண்டதூர ஏவுகணை கூடாது என்பார்கள். ஓராண்டு கழித்துக் கொடுப்பார்கள். அந்த ஏவுகணையை ரஷ்யாவுக்குள் சுடக் கூடாது என்பார்கள். 2024 நவம்பரில் அனுமதிப்பார்கள். அணு ஆயுதப் பயம் பொய்யான பயம் என்று சொல்ல மாட்டேன். அதைப் பொறுப்பில் இருப்பவர்கள் எடைபோட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கடைசியில் எப்படியும் கொடுக்கப்போவதைத் தாமதமாகக் கொடுத்து, ரஷ்யா தயாராக அவகாசமும் கொடுத்தது உக்ரைனைத் தோற்கவும் விடவில்லை, ஜெயிக்கவும் விடவில்லை. போரை நீட்டித்தது அந்த இழுபறிதான்.

கேள்வி (சேலம்): கொடுத்த ஆயுதங்கள் கள்ளச்சந்தைக்குப் போவதாகச் சொல்கிறார்களே?

பதில்: சிறப்புக் கண்காணிப்பில் இருக்க வேண்டிய ஆயுதங்களில் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ளவற்றின் இருப்புக் கணக்கு உரிய நேரத்தில் எடுக்கப்படவில்லை என்று பென்டகன் தலைமை ஆய்வாளர் 2024 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். கணக்கு எடுக்காதது குறைதான். அவை களவு போனதாக அந்த அறிக்கை சொல்லவில்லை. உக்ரைனில் ஊழல் இல்லையா என்றால், இருக்கிறது. படைக்கு வாங்கிய முட்டையின் விலையிலிருந்து கிளம்பிய சர்ச்சை 2023-இல் பாதுகாப்பு அமைச்சர் ரெஸ்னிகோவின் பதவி வரை போயிற்று. அது அவர்களின் சொந்தக் கொள்முதல். அதை அம்பலப்படுத்தியவர்களும் உக்ரைன் பத்திரிகையாளர்களே.

கேள்வி (ஈரோடு): ரஷ்யாவுக்கு யாரும் உதவுவதில்லையா?

பதில்: உதவுகிறார்கள். வட கொரியா லட்சக்கணக்கில் குண்டுகள் கொடுத்தது. 2024 இலையுதிர் காலத்தில் ரஷ்யாவின் குர்ஸ்க் முனைக்கு ஆயிரக்கணக்கில் வீரர்களையும் அனுப்பியது. ஈரான் ஷாஹெத் ட்ரோனைக் கொடுத்ததோடு செய்முறையையும் கொடுத்தது. இப்போது ததர்ஸ்தானின் அலபுகாவில் ரஷ்யாவே அதைச் செய்கிறது. செய்முறை கைமாறிவிட்டால் கொடுத்தவர் மனம் மாறினாலும் பயனில்லை.

கேள்வி (புதுச்சேரி): 2025 மார்ச்சில் டிரம்ப் உதவியை நிறுத்தினாரே, உடனே பாதிப்பு தெரிந்ததா?

பதில்: பிப்ரவரி 28 வெள்ளை மாளிகையில் டிரம்புக்கும் உக்ரைன் ஜனாதிபதி ஜெலன்ஸ்கிக்கும் நடந்த வாக்குவாதத்துக்குப் பின் சில நாள்களில் ஆயுதமும் உளவுத் தகவலும் நின்றன, மார்ச் 11 ஜித்தா பேச்சுக்குப் பிறகு திரும்ப வந்தன. ஆயுதம் நின்றால் கிடங்கில் இருப்பதை வைத்துச் சில மாதம் தள்ளலாம். உளவுத் தகவல் நின்றால் அன்றைக்கே கண் இருண்டுவிடும்: எங்கிருந்து ஏவுகணை கிளம்புகிறது, எதிரியின் பின்வரிசையில் எது நகர்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மாற்று இல்லாதது பேட்ரியாட் ஏவுகணை. சீறி வரும் பாலிஸ்டிக் ஏவுகணையைத் தடுக்க உக்ரைன் பெரிதும் நம்பியிருப்பது அதைத்தான். ஒன்றின் விலை சுமார் 40 லட்சம் டாலர். பெரும்பாலும் ஓர் இலக்குக்கு இரண்டு ஏவ வேண்டியிருக்கிறது. உற்பத்தியோ ஆண்டுக்குச் சில நூறுதான், அதற்கும் உலகம் முழுக்கப் போட்டி. 2025 ஜூலையிலிருந்து ஐரோப்பிய நாடுகள் பணம் கட்டி அமெரிக்க ஆயுதத்தை உக்ரைனுக்கு வாங்கிக் கொடுக்கும் ஏற்பாடு நடக்கிறது. பணப் பிரச்சினையை அது ஓரளவு தீர்க்கும். ஏவுகணை எண்ணிக்கையைக் கூட்டாது.

கேள்வி (தஞ்சாவூர்): ஆயுதம் மட்டும் வந்தால் போதுமா?

பதில்: போதாது. ஏந்த ஆள் வேண்டும். கட்டாயப் படைச் சேர்ப்பு வயதை 27-இலிருந்து 25-ஆகக் குறைத்ததே 2024 ஏப்ரலில். பிரான்ஸ் ஆயுதம் கொடுத்து, வீரர்களில் ஒரு பகுதியினருக்குத் தன் மண்ணிலேயே பயிற்சியும் கொடுத்த உக்ரைனின் 155-வது படையணியிலிருந்து ஏராளமானோர் விலகிப்போய், உக்ரைனிலேயே வழக்குப் பதிவாயிற்று. ஓய்வே தராமல் ஒரே வீரனை ஆண்டுக்கணக்கில் முனையில் வைத்திருந்தால் எந்த நாட்டு ஆயுதமும் அதை ஈடுசெய்யாது.

கேள்வி (வேலூர்): உதவும் முறைகளில் உங்களுக்குச் சரியாகப் படுவது எது?

பதில்: டென்மார்க் செய்வது. தன்னிடம் இருந்த பீரங்கிகளைக் கொடுத்து முடித்த பிறகு, உக்ரைன் ஆலைகளுக்கே பணம் கட்டத் தொடங்கியது. 2024-இல் முதல் தவணையாக 18 பொஹ்தானா பீரங்கிகள். லாரி மேல் பொருத்திய 155 மி.மீ. பீரங்கி அது. ஆலையில் இடமும் ஆளும் இருந்தும் அரசிடம் பணம் இல்லாமல் பாதித் திறனில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பணம் வந்ததும் சில மாதங்களில் பீரங்கிகள் படைக்குப் போய்ச் சேர்ந்தன. பழுதானால் போலந்துக்கோ லித்துவேனியாவுக்கோ ரயிலேற்றி அனுப்ப வேண்டியதில்லை. செய்தவர்களே பக்கத்தில் இருக்கிறார்கள். பிறகு வேறு சில நாடுகளும் அதே வழியில் டென்மார்க்கிடம் பணம் கொடுத்துச் சேர்ந்துகொண்டன.