பீட்டல்ஜூஸ்: அக்குளா, கையா?

கேள்வி: நாம் திருவாதிரை என்று வணங்கும் செந்நிற விண்மீனுக்கு மேனாட்டார் வழங்கும் ‘பீட்டல்ஜூஸ்’ என்ற பெயர் அரபு மொழியிலிருந்து வந்தது என்றும், அதன் பொருள் ‘அக்குள்’ என்றும் ஒரு நூலில் படித்தேன். இது சரிதானா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அரபு மூலம் என்பது சரி; அக்குள் என்பது சரியன்று. பிழையான அந்த விளக்கம் இன்னமும் நூலுக்கு நூல் எடுத்தாளப்பட்டு வருவது வருத்தத்துக்குரியது.

இன்று ஓரியன் (வேட்டுவன்) எனப்படும் விண்மீன் கூட்டத்தைப் பண்டைய அரேபியர் ‘அல்-ஜவ்ஸா’ என்ற பெண்ணுருவாகக் கண்டனர். இவ்விண்மீனை ‘யத் அல்-ஜவ்ஸா’, அதாவது ஜவ்ஸாவின் கை, என்றனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானியலாளர் தாலமி தம் விண்மீன் பட்டியலில் இதனை வேட்டுவனின் வலத்தோளில் உள்ள விண்மீனாகக் குறித்திருந்தார். 964ஆம் ஆண்டளவில் நிலை விண்மீன்களைப் பற்றி நூல் எழுதிய பாரசீக வானியலாளர் அப்துர் ரஹ்மான் அல்-சூஃபி, தாலமியின் பட்டியலைத் திருத்தியதோடு நில்லாமல், அரேபியரின் மரபுப் பெயர்களையும் அதனருகே பதிவு செய்தார். பழம்பெயர்கள் பல நமக்குத் தெரியவருவதற்கு அவருடைய அந்த அக்கறையே பெரிதும் காரணம்.

பிழை நேர்ந்த இடம் மிகச் சிறியது. அரபு எழுத்து முறையில் சொல்லின் முதலில் வரும் ‘யா’வும் ‘பா’வும் ஒரே வடிவின, யாவுக்குக் கீழே இரண்டு புள்ளிகள், பாவுக்கு ஒன்று, அவ்வளவே வேறுபாடு. இடைக்காலத்தில் அரபு நூல்களை இலத்தீனுக்குக் கொண்டுவந்தபோது இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கொள்ளப்பட்டு, ‘யத்’ என்பது ‘பத்’ ஆயிற்று. பிற்கால ஐரோப்பிய அறிஞர்கள், சிதைந்த அந்த முதற்பகுதிக்குப் பொருள் தேடப் புகுந்து, அக்குளைக் குறிக்கும் ‘இப்த்’ என்ற அரபுச் சொல்லே அதன் மூலமாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினர். தோளருகே உள்ள விண்மீன் என்பதால் அவ்விளக்கம் பொருத்தமாகவும் தோன்றிவிட்டது. அரபு மூலங்களையும் இலத்தீன் ஏடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, இச்சிக்கலைத் தெளிவுபடுத்தியவர் ஜெர்மானிய அறிஞர் பவுல் குனிட்ஷ்.

அதே கூட்டத்தின் நீல வெண்ணிற விண்மீனான ரைஜெலுக்கு இந்த நிலை நேரவில்லை. ‘ரிஜ்ல்’ என்றால் கால். அச்சொல் ஏறக்குறைய அப்படியே ஐரோப்பிய மொழிகளில் நிலைத்துவிட்டது. இடைவாரில் உள்ள மூன்று விண்மீன்களின் பெயர்களும் (அல்நிடாக், அல்நிலம், மின்டாகா) அரபு வழி வந்தவையே.

பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2016இல் விண்மீன் பெயர்களை முறைப்படுத்தத் தொடங்கியபோது, மூலச் சொல்லுக்குத் திரும்பாமல், நெடுங்காலமாக வழக்கிலுள்ள பீட்டல்ஜூஸ் என்ற வடிவத்தையே ஏற்றுக்கொண்டது. நூற்றாண்டுக்கணக்கான நோக்குக் குறிப்புகளும் விண்மீன் பட்டியல்களும் அப்பெயரில் இருப்பதால், அந்த முடிவு முறையானதே.