உதிரிச் சில்லு இல்லாமல் வந்த காருக்கு ஒன்றைப் பின்னர் சேர்ப்பது அவசியமா? எப்படிச் சேர்ப்பது?

ஜப்பானிலிருந்து இறக்கிய சிறிய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தபோது ஒட்டுத் திரவப் போத்தல் ஒன்றும் கைக்கடக்கமான காற்றுப் பம்பு ஒன்றும் மட்டுமே இருந்ததாகவும், இனி ஒரு சில்லைத் தேடி வாங்கி வைப்பது அவசியமா, அவசியமென்றால் எந்தச் சில்லையும் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வாங்கி வையுங்கள். ஆனால் கண்ட சில்லையெல்லாம் வைக்க முடியாது.

நீங்கள் எந்த ஊர் என்று குறிப்பிடவில்லை. என்னைப்போல் திருகோணமலையிலோ, இருட்டிய பின் அடுத்த ரயர் கடைக்கு முப்பது நாற்பது கிலோமீற்றர் போகவேண்டிய வேறோர் ஊரிலோ இருப்பவர் என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கொழும்பு நகரத்துக்குள் மட்டும் ஓடுபவருக்கு நான் சொல்வது மிகையாகத் தோன்றலாம். அவர் சொல்வதும் அவரளவில் சரியே. நான் வாகனத் திருத்துநர் அல்லள், பாடசாலை ஆசிரியை. ஆயினும் உவர்மலையிலிருந்து குச்சவெளிப் பக்கமுள்ள பாடசாலைக்குப் பல ஆண்டுகளாக நானே காரோட்டிப் போய்வருகிறேன் என்பதையும், என் காரின் சில்லை நானே கழற்றி மாட்டுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய கேள்விக்குப் பெண்ணொருத்தி பதில் எழுதினால் எப்படிப்பட்ட மறுமொழிகள் வரும் என்பது எனக்குத் தெரியும்.

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்படும் 660 சிசி கார்களிலும் சிறிய ஹைபிரிட் கார்களிலும் உதிரிச் சில்லை விட்டுவிடுவதற்குக் காரணங்கள் உண்டு. எடை குறைகிறது, எரிபொருள் மிச்சமாகிறது, டிக்கியில் இடம் கிடைக்கிறது, ஒருநாளும் தரையில் படாமலே பழசாகி வீசப்படும் ரயர்களின் கழிவும் குறைகிறது. அங்கே வீதி நல்லது, தொலைபேசியில் அழைத்தால் உதவி வந்துவிடும். இந்தியாவிலும் 2020 ஆம் ஆண்டு விதியைத் தளர்த்தி, ரியூப் இல்லாத ரயரும் ஒட்டுத் திரவமும் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் உள்ள சிறிய வாகனங்களுக்கு உதிரிச் சில்லு கட்டாயமில்லை என்று ஆக்கினார்கள். இதை எடுத்துக்காட்டி என்னோடு வாதிட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த விதி காற்றழுத்தக் கருவியையும் சேர்த்தே கேட்கிறது என்பதையும், என் காரில் அப்படியொன்று இல்லை என்பதையும் அவர்கள் கவனிப்பதில்லை.

ஒட்டுத் திரவத்தை நான் பழிக்கவில்லை. தரையில் உருளும் பகுதியில் ஓர் ஆணி குத்தி, நான்கு மில்லிமீற்றருக்கு உட்பட்ட ஓட்டை விழுந்திருந்தால் அது வேலை செய்யும். வால்வு வழியாகத் திரவத்தைச் செலுத்தி, பம்பினால் காற்றடித்து, உடனே சில கிலோமீற்றர் மெதுவாக ஓட்டினால், திரவம் உள்ளே சுழன்று ஓட்டையை அடைக்கும். ஆனால் ரயரின் பக்கச் சுவர் கிழிந்தாலோ, ரயர் றிம்மை விட்டுக் கழன்றாலோ அது ஒன்றுக்கும் உதவாது. மேலும், போத்தலின் மேல் காலாவதித் திகதி அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக நான்கைந்து ஆண்டுகள்தான். நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆகவே அதற்கு முன்னர் வந்த கார்களில் இன்னும் அதே போத்தல் கிடக்குமானால், அதன் காலம் முடிந்துவிட்டது. எங்கள் ஊர் வெயிலில் டிக்கிக்குள் கிடந்த போத்தலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

எனக்கு நேர்ந்தது பக்கச் சுவர்க் கிழிசல். அம்மாவைக் கண்டிக்குக் கண் சிகிச்சைக்காக அழைத்துச் சென்று திரும்பிக்கொண்டிருந்தோம். மூத்த மகனும் உடன் இருந்தான். ஹபரணையைக் கடந்து கல்ஓயாப் பக்கம் வரும்போது மாலை மங்கிவிட்டது. எதிரே வந்த பேருந்து ஒன்று நடுவீதியை விட்டு விலகாமல் வந்ததால் நான் இடப்பக்கம் ஒதுங்கினேன். வீதியோரத்தில் உடைந்து நின்ற மதகுக்கட்டின் முனை முன் இடச் சில்லைக் கிழித்துவிட்டது. இறங்கிப் பார்த்தபோது, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெட்டு. உள்ளிருந்த நூற்படை வெளியே தெரிந்தது. மகன் போத்தலைத் திறந்து முறைப்படியே செலுத்தினான். பால்போன்ற திரவம் அந்த வெட்டு வழியாகத் தாரில் வழிந்ததேயொழிய, பம்பு எவ்வளவு இரைந்தும் அதன் அழுத்தமானி முள் சற்றும் அசையவில்லை.

அந்த வழி தெரிந்தவர்களுக்கு அந்த நேரத்தின் பொருள் புரியும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட காட்டில் மாலைக்குப் பின் யானைகள் வீதியைக் கடக்கும். அம்மாவுக்கு நீரிழிவு; இரவுச் சாப்பாட்டு நேரமும் ஊசி நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தன. வாகனங்கள் நிற்காமல் போயின. அந்த இடத்தில் நிற்பதற்குப் பயந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கடைசியில் தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிவந்த பட்டா லொறி ஒன்று நின்றது. கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு நானா இறங்கி வந்தார். "ஸ்பெயார் எங்க ரீச்சர்?" என்பதுதான் அவர் கேட்ட முதற் கேள்வி. இல்லை என்றதும் அவர் வேறொன்றும் பேசவில்லை. தன் ஜக்கை வைத்துச் சில்லைக் கழற்றி, மகனையும் சில்லையும் ஏற்றிக்கொண்டு கந்தளாய்க்குப் போனார். பூட்டும் தறுவாயில் இருந்த கடையொன்றில் பாவித்த ரயர் ஒன்றைப் போட்டு, முச்சக்கரவண்டி பிடித்து மகன் திரும்பி வரும்வரை, மூன்று சில்லிலும் ஒரு ஜக்கிலும் நின்ற காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நானும் அம்மாவும் இருந்தோம். காட்டுக்குள் கிளை முறியும் ஓசை கேட்டது. அம்மா தேவாரத்தை முணுமுணுத்தபடி இருந்தார். ஒரு சில்லு இருந்திருந்தால் இருபது நிமிடத்தில் தீர்ந்திருக்கும் காரியம் அது.

கார் வாங்கியபோது விற்பனைக்காரரிடம் உதிரிச் சில்லைப் பற்றி நான் கேட்டேன். "இது புதுத் தொழில்நுட்பம், மிஸ். அதெல்லாம் இப்ப தேவையில்லை. உங்களால அதைக் கழட்டிப் பூட்டவும் ஏலாதே" என்றார். அவருக்கு என் பதிலை இப்போதும் சொல்ல ஆசைப்படுகிறேன்: என்னால் இயலாவிட்டாலும், சில்லு இருந்தால் வழியில் நிற்கும் எவராலும் மாட்டித்தர இயலும். இல்லாத சில்லை எந்தப் பலசாலியாலும் மாட்ட இயலாது.

இனி எந்தச் சில்லு என்பது. என் காரின் ரயர் 155/65 ஆர் 14; அதாவது அகலம் 155 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம், றிம் 14 அங்குலம். கணக்குப் போட்டால் அதன் முழு விட்டம் ஏறத்தாழ 557 மில்லிமீற்றர். உதிரிச் சில்லின் விட்டமும் இதற்கு மிக அருகில் இருக்கவேண்டும். இல்லையேல் ஒரே அச்சின் இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழன்று இரு பக்கச் சில்லுகளுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும், கியர்ப்பெட்டிக்குள் உள்ள டிபரன்சலைத் தேய்க்கும். பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் எச்சரிக்கை விளக்கும் எரியலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் தேடி, இரவு பேருந்தில் போட்டு அனுப்பச்சொல்லி நான் எடுத்தது ரி125/70 டி15 என்ற மெல்லிய தற்காலிகச் சில்லு. 15 அங்குல றிம் என்றதும் என் மைத்துனர் பொருந்தாது என்று அடித்துச் சொன்னார். ஆனால் அதன் விட்டம் 556 மில்லிமீற்றர். றிம்மின் அங்குலத்தை மட்டும் பார்ப்பவர்கள் ரயரின் உயரத்தை மறந்துவிடுகிறார்கள்.

விட்டத்துக்கு அடுத்தது நட் துளைகள். இந்த வகைச் சிறு கார்களில் பெரும்பாலும் நான்கு துளைகள், 100 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கும். நடுத்துளை சுசுகிக்கும் டொயோட்டாவுக்கும் 54 மில்லிமீற்றர் அளவில், ஹொண்டாவுக்கு 56 அளவில் இருக்கும். இதைவிட முக்கியமானது நட் உட்காரும் இடத்தின் வடிவம். ஹொண்டாவின் சொந்த றிம்களில் அது உருண்டையாகக் குழிந்திருக்கும், சுசுகியின் நட் கூம்பாக இருக்கும். இரண்டையும் கலந்தால் இறுகியதுபோல் தோன்றி ஓட்டத்தில் தளரும். ஆகவே வாங்கியவுடன் டிக்கியில் போட்டு மறந்துவிடாமல், முன்னும் பின்னும் ஒருமுறை மாட்டி, கையால் சுழற்றி, பிரேக்கில் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தற்காலிகச் சில்லு என்றால் ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களையும் வாசியுங்கள். 2314 என்றிருந்தால் 2014 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்தது. புத்தம்புதிதாய்ப் பளபளக்கும், ஆனால் றப்பர் இறுகிப்போயிருக்கும்.

டிக்கித் தரைக்குக் கீழே இருந்த ரெஜிபோம் தட்டை நான் எடுத்துவிட்டேன். சில்லு படுத்துக்கொண்டது, பலகை மட்டும் இரண்டு விரல் அளவு உயர்ந்து நிற்கிறது. சில கார்களில் சில்லை இறுக்கும் திருகாணிக்கு இடம் இருக்கும். என்னுடையதில் இல்லாததால், பொதி கட்டும் பட்டியினால் இருக்கைக்குப் பின்னாலுள்ள கொக்கிகளோடு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். கராஜில் ஒருவர் துளை போட்டுத் தருவதாகச் சொன்னார், நான் இணங்கவில்லை. அந்தத் தகட்டுக்குக் கீழே என்ன குழாய், என்ன வயர் ஓடுகிறது என்று தெரியாமல் ஹைபிரிட் காரில் துளை போடுவது ஆபத்து. கட்டாமல் விடுவதும் ஆபத்து; மோதல் ஒன்றில் அந்த இரும்பு பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளையின் தலைக்குத்தான் வரும்.

டிக்கி பெரிதாக இருந்தால் தற்காலிகச் சில்லை விட முழுச் சில்லே மேல். தற்காலிகச் சில்லில் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. முன்சில்லால் இழுக்கும் காரில் முன்சில்லு போனால், பின்சில்லொன்றை முன்னுக்கு மாற்றிவிட்டுத் தற்காலிகச் சில்லைப் பின்னுக்குப் போடுவது நல்லது. வீதியோரத்தில் அது இரட்டை வேலை.

சில்லோடு ஜக்கும் நட்டைக் கழற்றும் சாவியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உதிரிச் சில்லு இல்லாமல் வரும் சில கார்களில் ஜக்கே இராது. இருந்தவையும் விற்பனைக்கு நிற்கும் இடங்களில் காணாமற்போவதுண்டு. அதே ஜக்கை வேறொரு கடையில் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். இன்னொரு மனக்குறையும் எனக்கு உண்டு. ரயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை முடுக்கும் பிள்ளைகள் அது அழும்வரை முடுக்குகிறார்கள். பிறகு காரோடு வந்த குட்டைச் சாவியால் ஆணாலும் கழற்ற முடியாது, பெண்ணாலும் முடியாது. இப்போது நான் பக்கத்தில் நின்று, கடைசிச் சுற்றைக் கைச்சாவியால் முடுக்கச் சொல்கிறேன். முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். சாவியின் பிடியில் செருகுவதற்கு முழங்கை நீள இரும்புக் குழாய் ஒன்றும், மணலில் ஜக் புதையாமல் கீழே வைப்பதற்குப் பலகைத்துண்டு ஒன்றும் என் டிக்கியில் எப்போதும் உண்டு.

அந்தப் பலகை இல்லாதிருந்தால் இறக்கக்கண்டிக்கு அப்பால் நான் தோற்றிருப்பேன். சாதாரண தரப் பரீட்சைக் கடமைக்குப் போகும் காலைவேளையில் பின்சில்லொன்று காற்றிழந்து, றிம்மிலே ஓடியதால் ரயரின் பக்கம் நசிந்துவிட்டது. தாருக்கு வெளியே முழுக்கக் கடல்மணல். பலகையின் மேல் ஜக்கை வைத்தேன். காரைத் தூக்குமுன்பே, சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தினேன். மாட்டிய பின் எதிரெதிர் நட்டாக மாறிமாறி முடுக்கினேன். மீன் கூடையோடு நின்ற ஒரு ஐயா குடையைப் பிடித்து நிழல் தந்தார். பரீட்சை தொடங்குமுன் மண்டபத்தில் இருந்தேன். இதைப் பெருமைக்காகவே எழுதுகிறேன், மறைக்கவில்லை.

சில்லின் எடையால் எரிபொருள் கூடும் என்பவர்களுக்கு: பத்துப் பன்னிரண்டு கிலோ, ஒரு சிறு பிள்ளையின் எடை. அந்தக் கணக்குப் பார்த்து எவரும் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போவதில்லை.

தற்காலிகச் சில்லுக்கு 60 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும், ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். காற்றடிப்பவர் வழமைபோல் 30 அடித்துவிட்டுக் கையைத் துடைப்பார், அவரிடம் எழுத்தைக் காட்டி அடிக்கச் சொல்லுங்கள். பாவிக்காமல் கிடந்தாலும் காற்று மெல்லக் குறையும் என்பதால், மற்ற நான்கு சில்லுகளுக்கும் காற்றுப் பார்க்கும் நாளில் டிக்கியைத் திறந்து ஐந்தாவதையும் பாருங்கள். வால்வு மேலே பார்த்தபடி இருக்குமாறு சில்லைப் படுக்க வைத்தால், பட்டியை அவிழ்க்காமலே அளந்துவிடலாம்.