பவ்லீனைப் பின்பக்கமும் போய்ப் பாருங்கள்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு ரோம் போகிறோம். போர்கேசே காலரி அருங்காட்சியகத்தில் நெப்போலியனின் தங்கை பவ்லீன் மெத்தையில் சாய்ந்திருக்கும் சிலையைப் பார்க்க ஆசை. அந்த மெத்தை நிஜத் துணி என்கிறார் நண்பர் ஒருவர். அப்படியா? உள்ளே இரண்டு மணி நேரம்தானாமே, போதுமா?

முதலில் டிக்கெட்டை எடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். முன்பதிவு இல்லாமல் வாசலில் போய் நின்றால் ஏமாற்றம்தான். பையையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மெத்தை துணி இல்லை. பவ்லீன், தலையணை, மெத்தை எல்லாமே பளிங்கு, கீழே இருக்கும் கட்டில் மட்டும் மரம். அந்தக் கட்டிலுக்குள் ஒரு காலத்தில் சிலையைச் சுழற்றும் பொறி இருந்தது, பார்ப்பவர் நின்ற இடத்திலேயே நிற்க, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பவ்லீன் மெதுவாகத் திரும்புவார். இப்போது நாம்தான் சுற்ற வேண்டும், அதனால் பின்பக்கம் கட்டாயம் போங்கள். முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு நகர்கிறவர்கள் பாதிச் சிலையைத்தான் பார்க்கிறார்கள். கொஞ்சம் குனிந்து, உடம்பின் பாரத்தில் மெத்தை எங்கே அமுங்கி விளிம்பில் சுருக்கம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள், உங்கள் நண்பர் ஏன் ஏமாந்தார் என்று புரியும். சருமம் மட்டும் தனியாக மினுங்குவதற்குக் காரணம், சிற்பி கனோவா அதை இழைத்து மெழுகு பூசியதுதான்.

பவ்லீன் 1803இல் இளவரசர் கமில்லோ போர்கேசேயை மணந்தார், சிலை 1805-08 காலத்தது. கனோவா முதலில் அவரை வேட்டைத் தெய்வம் டயானாவாகச் செதுக்கத்தான் யோசித்தார், காதல் தெய்வம் வீனஸாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தவர் பவ்லீன். கையிலிருக்கும் ஆப்பிள், புராணக் கதையில் தேவியருக்குள் நடந்த அழகுப் போட்டியில் வீனஸ் ஜெயித்த பரிசு. சிலைக்காக உடையில்லாமல் எப்படி இருந்தீர்கள் என்று பவ்லீனைக் கேட்டதற்கு, 'அறையில் அடுப்பு எரிந்ததே' என்றாராம். வம்புக்கதையாகவே இருக்கலாம், ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் சொல்லியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகள் வந்தால் ஒரு கண் வையுங்கள், பெரியவர்களே சிலையை உடைத்த கதை உண்டு. கனோவாவின் சொந்த ஊரான பொசான்யோவில் இதே சிலையின் பிளாஸ்டர் மாதிரி இருக்கிறது, அளவெடுத்துப் பளிங்கில் செதுக்குவதற்காக அடித்த சின்னச் சின்ன ஆணிகளோடு. 2020இல் ஆஸ்திரியச் சுற்றுலாப் பயணி ஒருவர் போட்டோவுக்காக அதன்மேல் உட்கார்ந்து கால்விரல்களை உடைத்துவிட்டார். கொரோனாவுக்காக எழுதி வாங்கிய வருகையாளர் விவரத்தை வைத்துத்தான் துப்புத் துலங்கியது.

நேரம் போதும். பவ்லீனுக்கு இருபது நிமிடம், மிச்சத்தில் பெரும்பகுதியை அங்கேயே இருக்கும் சிற்பி பெர்னினியின் சிலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.