வாங்க முதல் கேளுங்கள்: வீடு கழுவப் பத்துப் போத்தல் எதற்கு?

அக்கா, கடலுக்கு மிகக் கிட்ட வீடு. ஜன்னல் கண்ணாடி எத்தனை முறை துடைத்தாலும் மங்கல்தான். எந்தக் கண்ணாடித் திரவம் நல்லது?
— உப்புவெளி வாசகி

எதுவும் வேண்டாம். உங்கள் கண்ணாடியில் இருப்பது கடற்காற்று கொண்டுவந்த உப்பு. உப்பைக் கரைக்கத் தண்ணீர் போதும். தவறு எங்கே நடக்கிறது என்றால், காய்ந்த துணியை எடுத்து நேரே தேய்ப்பதில். உப்போடு மணலும் இருக்கும், இரண்டும் சேர்ந்து கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடுங்கள். பிறகு ஒரு சொட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, திரும்பவும் அலசி, பழைய பேப்பரால் உலர்த்துங்கள். கிணறு உவர் என்றால் கடைசியாக ஊற்றுவது குழாய்த் தண்ணீராக இருக்கட்டும், இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். ஜன்னல் கம்பியையும் அதே கையோடு கழுவித் துடையுங்கள், கறள் பிடிப்பது குறையும்.

என் குசினி அலுமாரிக்குக் கீழே ஒரு நீலப் போத்தல் கண்ணாடித் திரவம் கிடக்கிறது. விலையைக் கேட்காதீர்கள்.

கேத்தலுக்குள் வெள்ளையாகப் படை கட்டியிருக்கிறது. கடைக்காரர் ஒரு பவுடர் காட்டினார். வாங்கலாமா?
— தம்பலகாமம்

வேண்டாம். அது தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, புளிப்புப் பட்டால் கரையும். கேத்தலில் பாதித் தண்ணீர் விட்டு, இரண்டு தேசிக்காயைப் பிழிந்து, கொதிக்க வைத்து அரை மணி நேரம் விடுங்கள். கழுவிவிட்டு வெறும் தண்ணீர் ஒருமுறை கொதிக்க வைத்து ஊற்றுங்கள். அப்புறம் தேத்தண்ணீர் போடலாம்.

வினாகிரியையும் அப்பச்சோடாவையும் கலந்தால் நன்றாகப் பொங்குகிறது. ஃபோனில் பார்த்துச் செய்தேன். ஆனால் குளியலறை டைல்ஸில் இருக்கும் கறை அப்படியே இருக்கிறதே?
— பாலையூற்று

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்த வீடியோ எடுக்கிறவர்களை ஒருநாள் என் வீட்டுக் குளியலறையைக் கழுவக் கூப்பிட வேண்டும்.

தங்கச்சி, வினாகிரி அமிலம். அப்பச்சோடா காரம். இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். நீங்கள் பார்த்த நுரை கரியமில வாயு, அது பறந்து போய்விடும். பாத்திரத்தில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். அதாவது, காசு கொடுத்து வாங்கிய இரண்டு பொருளைத் தண்ணீராக்கி, அந்தத் தண்ணீரால் டைல்ஸைத் தேய்த்திருக்கிறீர்கள்.

தனித்தனியாகப் பாவித்தால் இரண்டும் நல்ல சாமான். வெள்ளைச் சுண்ணாம்புக் கறை என்றால் வினாகிரி மட்டும்: பழைய துணியை அதில் நனைத்துக் கறையின் மேல் ஒட்டி, அரை மணி நேரம் விட்டுத் தேயுங்கள். அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு, குளிர்சாதனப் பெட்டி மணம் என்றால் அப்பச்சோடா. மாபிளிலும் சீமெந்துத் தரையிலும் வினாகிரி, தேசிக்காய் படவிடாதீர்கள், தரையை அரித்துவிடும். அலுமினியச் சட்டியை அப்பச்சோடாவில் ஊறப்போட்டால் கறுத்துவிடும்.

இது காசு போகிற கதை. உயிர் போகிற கதை வேறு. குளோரின் பிளீச்சோடு வினாகிரியையோ, கொமட் கழுவும் அமிலத் திரவத்தையோ கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள திரவமும் பிளீச்சோடு சேரக் கூடாது. “இரண்டையும் ஊற்றினால் இரட்டிப்புப் பளபளப்பு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கதவை மூடிக்கொண்டு சின்னக் குளியலறைக்குள் இந்த வேலை செய்து மூச்சுத் திணறியவர்கள் உண்டு. கண் எரிந்தால், தொண்டை பிடித்தால், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே காற்றுக்கு வாருங்கள்.

துடைக்க எந்த வினாகிரி வாங்குவது, தென்னையா செயற்கையா?
— கிண்ணியா

துடைக்கச் செயற்கை. அச்சாறுக்குத் தென்னை.

மலிவு விற்பனையில் ஒரு டசின் பிளீச் போத்தல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் திகதி முடிந்திருக்கிறது. பில்லும் இல்லை. இப்போது பாவிக்கலாமா?
— லிங்கநகர்

விலையைப் பார்க்கக் கண் இருந்தது, திகதியைப் பார்க்க இல்லை. ஒரு டசின் எதற்குத் தம்பி, ஆஸ்பத்திரியா நடத்துகிறீர்கள்? பிளீச் மூடிய போத்தலுக்குள்ளேயே நாளாக நாளாக வலு குறையும், நம் ஊர் வெக்கையில் இன்னும் வேகமாக. கிருமியைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம், கிணற்றுக்குள் ஊற்றவும் வேண்டாம். முற்றத்துச் சீமெந்தில் படிந்த பாசியைத் தேய்த்துப் பாருங்கள், தனியாக, வேறு எதுவும் கலக்காமல். இருந்தாலும் திகதி முடிந்த பொருளை விற்றது கடைக்காரரின் பிழை. போத்தல்களோடு போய்க் கேளுங்கள். பில்லை எறியும் பழக்கத்தை மட்டும் விடுங்கள்.

ஓட்டோவில் வந்த இரண்டு பிள்ளைகள் “கொம்பனி விலை” என்று சொல்லி தரை கழுவும் திரவம் மூன்று கலன் தந்தார்கள். நுரையும் இல்லை, மணமும் இல்லை. பாவித்த கை எரிகிறது. பில் கேட்டதற்குப் பிறகு தருவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். நான் தனியாக இருக்கிற ஆள்.
— மூதூர் வாசகி

அம்மா, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டு வாசலில் நின்று சிரித்துப் பேசுகிறவர்களை விரட்ட எல்லோருக்கும் வராது. எனக்கும் இப்படித்தான் ஒரு சுழலும் வாளித் துடைப்பான் வந்து சேர்ந்தது. மாரி முடிய முதல் அதன் கம்பி கறள் பிடித்துவிட்டது.

முதலில் கையை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், எரிவு நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கலனையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மிச்சத்தைப் பாவிக்க வேண்டாம். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம், யாராவது தாகத்துக்குக் குடித்துவிடுவார்கள்.

அடுத்து, கலனைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் சாட்சி. ஒட்டியிருக்கும் துண்டை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வந்த திகதி, கொடுத்த காசு, ஓட்டோ நம்பர் யாருக்காவது நினைவிருந்தால் அது, பக்கத்து வீட்டில் வாங்கியவர்கள் பெயர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். பொருளை வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்குகிறவர் கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் தரவில்லை. அதையும் எழுதுங்கள்.

நவராத்திரிக்குக் குத்துவிளக்கு மினுக்கப் பித்தளைப் பொலிஷ் வாங்கவா?
— திருகோணமலை நகர்

பழப்புளியும் உப்பும் வீட்டில் இல்லையா? பூசி, பொச்சால் மெல்லத் தேய்த்து, உடனே கழுவி, துடைத்து வெயிலில் வையுங்கள். இரவு முழுக்க ஊறவிடாதீர்கள், பித்தளை சிவந்துபோகும். புது விளக்கு என்றால் மங்காமலிருக்கப் பூசும் லாக்கர் பூச்சு இருக்கலாம், இருந்தால் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தால் சரி.