வேலிக்குள் 2024 – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் பார்த்து வளர்ந்தவன் நான். போன மாதம் பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "இதுல செல்போனைத் தவிர எதுப்பா நிஜமாச்சு? பணமே இல்லையாம், பசியே இல்லையாம். பிளாக் மிர்ரர்தான் உண்மை, இது குழந்தைங்க கதை" என்றாள். பிளாக் மிர்ரர், தொழில்நுட்பத்தின் இருண்ட பக்கத்தைக் காட்டும் தொடர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்தால் அவள் சொல்வது சரி என்றே படுகிறது. அந்தத் தொடர்கள் கணித்த கருவிகளில் எவையெல்லாம் வந்துவிட்டன? இன்றைய ஏஐ, பின்னால் வந்த தொடரில் இருந்த டேட்டா என்ற இயந்திர மனிதனைப் போல ஆகிவிடுமா? அவர்கள் காட்டிய நல்ல எதிர்காலம் பொய்த்துவிட்டதா? எப்படியானாலும் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் கையில் என்ன இருக்கிறது? தொழில்நுட்பம் அது போகிற திசையில் போகும், நாம் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள் இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதியிருக்க மாட்டேன். சில வாரங்களாக மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அவை தொட்டுவிட்டன. அதற்கு வருகிறேன்.

முதலில் கருவிகள். அந்தப் பட்டியல் இணையத்தில் எங்கும் கிடைக்கும், பாதி கட்டுக்கதை. மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் 1973இல் கையடக்கத் தொலைபேசியில் முதல் அழைப்பைச் செய்தார். ஸ்டார் ட்ரெக் பார்த்துதான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். டிக் ட்ரேசி படக்கதையில் வரும் கைக்கடிகார ரேடியோதான் தன் மனதில் இருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லிவிட்டார். ஆளைக் கரைத்து வேறு இடத்தில் சேர்க்கும் டிரான்ஸ்போர்ட்டர் எப்படி வந்தது தெரியுமா? வாராவாரம் விண்கலம் தரையிறங்குவதைப் படமாக்கப் பணம் போதவில்லை, அதனால் வந்தது. தானாகத் திறக்கும் அந்தக் கதவுகளை செட்டுக்குப் பின்னால் நின்ற தொழிலாளர்கள் கையால் இழுத்தார்கள். இதற்கு மேல் கருவிகளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

டேட்டா பற்றி ஒன்று மட்டும். 1989இல் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' என்ற அத்தியாயத்தில் டேட்டாவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்க ஒரு விஞ்ஞானி வருகிறார். வழக்கு நடக்கிறது. டேட்டாவுக்கு மனம் உண்டா என்பதை அந்த நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. அவன் யாருக்காவது உடைமையா என்பதைத்தான் முடிவு செய்தது. இப்படி ஆயிரம் டேட்டாக்கள் செய்து வேலை வாங்கினால் அதற்கு என்ன பெயர் என்று, கப்பலில் மதுக்கூடம் நடத்தும் கருப்பினப் பெண்ணான கைனன் மெதுவாகக் கேட்கும் இடத்தைப் பாருங்கள். ஏஐ மனிதன் ஆகுமா என்று கவலைப்படுகிறவர்கள், அது கற்றுக்கொள்வதற்காகப் படத்தில் இருப்பது நாயா பூனையா என்று குறித்துக் கொடுக்கும் மனிதர்களை நினைப்பதே இல்லை. கென்யாவில் இருக்கிறார்கள், தமிழ்நாட்டின் சிறு ஊர்களிலும் இருக்கிறார்கள். டேட்டாவுக்குக் கிடைத்த விசாரணையாவது அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

உங்கள் மகளிடம் எனக்குக் கோபம் இல்லை. அவள் சிரித்ததில் நியாயமும் உண்டு. நான் அவளாக இருந்தால் இன்னும் கடுமையாகக் கேட்டிருப்பேன். 1963லேயே வாலெண்டினா தெரஷ்கோவா விண்வெளிக்குப் போய் வந்துவிட்டார். ஆறு வருடம் கழித்து, 1969 ஜூனில் ஒளிபரப்பான அந்தத் தொடரின் கடைசி அத்தியாயத்தில், 'உங்கள் கேப்டன்களின் உலகத்தில் பெண்களுக்கு இடமில்லை' என்று ஒரு பெண் பாத்திரம் குமுறுகிறது. கதை நடப்பது இருபத்து மூன்றாம் நூற்றாண்டில்! ஒளியைவிட வேகமாகப் போகிற கப்பலை யோசிக்க முடிந்தவர்களால் அதன் நாற்காலியில் ஒரு பெண்ணை உட்கார வைக்க முடியவில்லை. முதல் மாதிரிப் படத்தில் கப்பலின் இரண்டாம் அதிகாரி ஒரு பெண்தான். தொடராக வந்தபோது அந்தப் பாத்திரத்தையே காணோம். ஸ்டார் ட்ரெக் வரிசையில் ஒரு பெண் தொடரின் நாயகியாகவும் கேப்டனாகவும் வர 1995 ஆயிற்று. இந்தக் கதைகளில் இயந்திரம் முன்னால் ஓடும், வீடும் சாதியும் கூலியும் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். நமக்கும் இயந்திரம்தானே முதலில் கண்ணில் படுகிறது.

ஆனால் 'குழந்தைகள் கதை' என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் சொல்லலாம், பதினாறு வயது. நீங்கள் எப்படித் தலையாட்டினீர்கள்? அந்த நல்ல எதிர்காலம் சும்மா வந்ததாக அவர்கள் எங்கே சொன்னார்கள்? 1996இல் வந்த 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' படத்தின்படி இந்த நூற்றாண்டிலேயே மூன்றாம் உலகப் போர் நடக்கிறது, அறுபது கோடிப் பேர் சாகிறார்கள். அந்தச் சாம்பலில் இருந்துதான் பசியில்லாத உலகம் எழுகிறது. கப்பலின் பளபளப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கதையை விட்டுவிட்டீர்கள்.

சரி, இப்போது நான் எழுத வந்ததற்கு வருகிறேன்.

ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1995 ஜனவரியில் 'பாஸ்ட் டென்ஸ்' என்று இரண்டு பாகமாக ஓர் அத்தியாயம் வந்தது. டிரான்ஸ்போர்ட்டர் கோளாறால் எதிர்கால விண்கலத்தில் இருந்த மூன்று பேர் காலத்தில் பின்னோக்கிப் போய், சான் பிரான்சிஸ்கோ நகரில், 2024ஆம் ஆண்டில் போய் விழுகிறார்கள். சிஸ்கோ என்ற கருப்பினத் தளபதியும் பஷீர் என்ற மாநிற டாக்டரும் தெருவில் மயங்கிக் கிடக்கிறார்கள். காவலர்கள் எழுப்பி அடையாள அட்டை கேட்கிறார்கள். இல்லை. உடனே வேலையும் வீடும் இல்லாதவர்களை அடைத்து வைக்கும் சுவர் சூழ்ந்த பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். டாக்ஸ் என்ற வெள்ளைத்தோல் பெண்ணும் அதே நகரத்தில்தான் விழுகிறாள், அவளிடமும் அட்டை இல்லை. அவளை ஒரு பணக்காரத் தொழிலதிபர் கண்டெடுத்து, தன் அலுவலகத்துக்கு அழைத்துப் போய், புது அட்டையும் வாங்கிக் கொடுத்து, விருந்துக்குக் கூப்பிடுகிறார். வசனமே இல்லாமல் அந்த ஒப்பீடு முகத்தில் அறைகிறது.

சுவருக்குள் இருப்பவர்கள் குற்றவாளிகள் இல்லை. வேலை தேடிக் களைத்தவர்கள், மனநோய்க்கு மருந்து கிடைக்காதவர்கள், அவர்களைச் சுரண்டிப் பிழைக்கும் சில ரவுடிகள். வேலை வாங்கித் தருவோம் என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினார்கள். வெளியே இருக்கிறவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. கேப்ரியல் பெல் என்ற ஒரு சாதாரண மனிதர் அங்கே நடக்கும் கலகத்தில் பிணைக்கைதிகளைக் காப்பாற்றி உயிரை விட வேண்டும். வரலாறு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சிஸ்கோவையும் பஷீரையும் அடிக்க வந்தவர்களைத் தடுக்கப்போய் முன்னாலேயே கத்திக்குத்தில் செத்துவிடுகிறார்.

அந்த நொடியில் எதிர்காலத்தில் என்ன ஆகிறது? மேலே காத்திருக்கும் விண்கலத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள்: அவர்களுடைய விண்மீன் படை இல்லை, பூமியும் பிற கிரகங்களும் சேர்ந்த கூட்டமைப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. ராக்கெட் எஞ்சின் கண்டுபிடித்தவர் சாகவில்லை ஐயா. சுவருக்குள் இருந்த ஒரு வேலையற்றவன் செத்தான், நட்சத்திரங்களுக்குப் போகிற அத்தனை கப்பல்களும் அழிந்தன. சிஸ்கோ அவருடைய பெயரைத் தன் பெயராகச் சொல்லிக்கொண்டு அந்தக் கலகத்தை நடத்துகிறார். உள்ளே இருப்பவர்கள் தங்கள் கதையை வலைத்தொடர்பு வழியாக வெளியே சொல்கிறார்கள். கடைசியில் படை உள்ளே புகுந்து சுட்டுத் தள்ளுகிறது. மக்கள் மனம் மாறுவது அதற்குப் பிறகுதான்.

எழுதியவர்கள் ஜோசியம் பார்க்கவில்லை. 1971இல் நியூயார்க் மாநிலத்து அட்டிகா சிறையில் நடந்த கலகத்தையும் தங்கள் ஊர்த் தெருக்களில் படுத்திருந்தவர்களையும் பார்த்து எழுதினார்கள். படப்பிடிப்பு நடந்த நாட்களிலேயே, லாஸ் ஏஞ்சலீஸில் வீடற்றவர்களுக்கு வேலி போட்ட ஓரிடத்தை ஒதுக்கும் யோசனை செய்தித்தாளில் வந்தது. குழுவே திகைத்துப் போனது. அப்புறம் நிஜமான 2024 வந்தது. அந்த ஜனவரியில் அமெரிக்க அரசு எடுத்த கணக்கில் வீடில்லாதவர்கள் 7,71,480 பேர், கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை அதுவே அதிகம். ஜூன் 28ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்துச் சிறு நகரம் ஒன்றின் வழக்கில், படுக்க வேறு இடமில்லாவிட்டாலும் பொது இடத்தில் போர்வையோடு படுத்தவருக்கு அபராதம் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. செல்போன் பலித்தது என்று சந்தோஷப்படுகிறோமே, இதுவும்தான் பலித்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அதே சான் பிரான்சிஸ்கோவில் மென்பொருள் வேலையில் இருந்தேன். ஒய்டூகே காலம், 2000ஆம் ஆண்டு பிறந்தால் கணினிகள் தேதியில் குழம்பும் என்று பயந்து நம் ஊர் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்தார்கள். சனிக்கிழமைகளில் நகர நூலகத்துக்குப் போவேன். ஒருநாள் பக்கத்துக் கணினியில் இருந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டார். அச்சகத்தில் வேலை பார்த்தவர், அச்சகம் மூடிவிட்டது. வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். முகவரி என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் வரவில்லை. அவருக்கு முகவரி இல்லை. இரவு படுக்கும் விடுதியின் முகவரியைப் போட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்தது. "இதைத் தாண்ட வழி இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. அன்றைக்கு அவர் விண்ணப்பிக்கவே முடியவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த மாதிரிப் படிவங்களைக் கட்டுவதுதான் அப்போது என் பிழைப்பு. ஒரு கட்டத்தைக் கட்டாயம் ஆக்குவது ஒரே ஒரு வரி நிரல். யாரோ ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே எழுதிய வரி. மேலே யாரும் கட்டளை போட்டிருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில், எங்கள் படிவத்தில் முகவரியைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று கேட்டேன். ஏன் என்றார்கள், இதுவரை யாரும் கேட்டதில்லையே என்றார்கள், கூட்டம் போட்டார்கள். நான் விடவில்லை. கடைசியில் எடுத்தோம். அந்தப் பெரியவருக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எடுக்க முடிந்தது.

இதனால்தான் உங்கள் கடைசி வரி எனக்குப் பொறுக்கவில்லை. 'தொழில்நுட்பம் அது போகிற திசையில் போகும்.' அதற்குக் காலா இருக்கிறது? அட்டை இல்லாவிட்டால் அரிசி இல்லை என்று ஓர் ஆள் எழுதுகிறார். கைரேகை படியாவிட்டால் திரும்பிப் போ என்று ஓர் ஆள் எழுதுகிறார். அதை ஓர் ஆள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார், ஓர் ஆள் கவுன்டரில் உட்கார்ந்து அமல்படுத்துகிறார், வரிசையில் நிற்கிற நாம் நமக்கு வேலை முடிந்தது என்று நகர்கிறோம். எல்லோருமே சாதாரண ஆட்கள். அந்த அத்தியாயத்தில் லீ என்று ஒரு பெண் வருகிறாள், உள்ளே வருகிறவர்களைப் பதிவு செய்யும் எழுத்தர். நிலைமை இப்படி இருப்பது உன் தவறில்லை என்று டாக்டர் அவளைத் தேற்றுகிறார். எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள், எதுவும் மாறுவதில்லை என்கிறாள் அவள். உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததை அவள் 1995லேயே சொல்லிவிட்டாள்.

பிளாக் மிர்ரர் பற்றியும் எழுதியிருந்தீர்கள். நல்ல தொடர், அவள் பார்க்கட்டும். 2011இல் வந்த முதல் பருவத்தில் 'ஃபிஃப்டீன் மில்லியன் மெரிட்ஸ்' என்று ஒன்று உண்டு. நாளெல்லாம் சைக்கிள் மிதித்துப் புள்ளி சேர்க்கும் இளைஞன் கழுத்தில் கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு கத்துகிறான். அந்தக் கத்தலையே ஒரு நிகழ்ச்சியாக வாங்கிவிடுகிறார்கள். பயங்கரமான உண்மை. ஆனால் அதைப் பார்த்து முடித்தவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை, வருத்தப்பட்டுவிட்டுத் தூங்கலாம். உங்களுக்கு அது பிடித்துப்போன காரணமும் அதுதானோ என்று எனக்குச் சந்தேகம்.

மகளோடு உட்கார்ந்து 'பாஸ்ட் டென்ஸ்' இரண்டு பாகத்தையும் பாருங்கள். மேக்கப்பைப் பார்த்துச் சிரிப்பாள், சிரிக்கட்டும். முடிந்ததும் நீங்கள் எதுவும் விளக்காதீர்கள். அவளுக்கு என்ன தோன்றியது என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். உங்கள் வழியாகக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

அன்புடன்.